பட்டையைக் கழற்றலாமா என்று கேட்டு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பாவே எழுதினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நலம், வண்டி ஓடுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். இந்த முறை சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, நீயே எழுது என்று என்னிடம் கொடுத்துவிட்டார். இதில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்வதை அவர் சொன்னபடியும், அவர் சொல்லாமல் விடுவதை நான் பார்த்தபடியும் எழுதுவேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். எழுதிட்டுப் போ, ஆனா வண்டி விஷயத்த மட்டும் தப்பா எழுதிடாத, அவ சிரிப்பா என்றார். நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்கச் சொன்னார். நான் எழுதப் போகும்போது அவரே கையைக் காட்டி நிறுத்தி, நாங்க நலங்கிறத விட்டுடு, நீ நலமான்னு மட்டும் கேளு என்றார். ஆகவே கேட்கிறேன் அக்கா, நீ நலமா? மணல் காற்றில் கண் எரிகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது பரவாயில்லையா? நீ வண்டி ஓட்டுகிற அந்தப் பாலைவன முகாமுக்கு போன் எட்டவில்லை, தண்ணீர் லாரியோடுதான் தபால் வரும் என்பதால் இது உன் கைக்கு வரும்போது இங்கே நிலைமை எப்படி இருக்குமோ தெரியாது. இந்த வரி நான் எழுதியது, அப்பா சொன்னதல்ல.

கடைசியில் எந்த வண்டி வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தாய். போன மழையில் பாலம் போனதிலிருந்து நம் பழைய வேன் ஆற்றில் இறங்க முடியாமல் நின்றுவிட்டது உனக்குத் தெரியும். அதன் வயிறு தரையோடு தரையாக இருக்கும், கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்க்க அப்பாவும் மாமாவும் போனார்கள், நானும் கூடப் போனேன். பழைய வண்டிகள் விற்கிற இடத்தில் நமக்கு ஏற்றதாக இரண்டு நின்றன. ஒன்று மூடிய வண்டி, சுருள் ஸ்பிரிங், பின் சீட்டை மடக்கினால் ஆள் படுக்கலாம். நீ வாங்கச் சொன்னது அதைத்தான். இன்னொன்று பின்னால் மூட்டை ஏற்ற நீளமான திறந்த தொட்டி வைத்தது, பின் சக்கரங்களுக்கு மேல் இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய மாதிரி ஸ்பிரிங். அப்பா உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு தொட்டி வண்டியின் பக்கம் போய் நின்றுகொண்டார். மாமா, உங்க பொண்ணு சொன்னது அதில்ல மச்சான், இதுல போனா குடல் வாய்க்கு வந்துடும் என்றார். அப்பா, மேல காலனிக்கு சிமெண்டும் தீவனமும் சிலிண்டரும் ஏத்தணும், அந்த மூடுன வண்டியில எத்தனை மூட்டை போகும், சுமை இழுத்தாத்தான் அவள இழுக்க முடியும், ரெண்டுக்கும் சேர்த்து நமக்கு ஒரே வண்டிதான் என்றார். மாமாவும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார். எனக்கும் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு வண்டி அவசரத்தின் பட்டறைக்குப் போனது. அவசரம் என்பது அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர். ஒரு நட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசிப்பவர் என்பதால் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் தினமும் அங்கே போய் மண்ணெண்ணெய் டப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். வாங்க டீச்சரம்மா, இன்னைக்கு என்ன பரீட்சை வைக்கப் போறீங்க என்பார். ஆழமாக வெட்டு விழுந்த சேற்று டயர் போட்டார். ஆற்றில் இறங்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க, அது மூச்சு இழுக்கிற குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, யானை தும்பிக்கையத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு என்றாள். முன்னால் இரும்புக் கயிறு சுற்றுகிற வின்ச் வைத்தார்கள், மாட்டிக்கொண்டால் மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். சுமைக்காகப் பின்பக்கம் இரண்டு பக்கமும் கூடுதல் பட்டைகள் சேர்த்தார்கள். தொட்டிக்கு மேல் கூண்டு கட்டி, ஒரு ஓரத்தில் மடக்குக் கட்டில் பொருத்தினார்கள். சுத்தம் செய்து முடித்ததும் அம்மாவால் உட்கார முடியாது, தலை சுற்றும், படுத்தேதான் வர வேண்டும், அதனால் முன் சீட்டு அவளுக்கு உதவாது. கட்டிலுக்காக நான் வீட்டில் டேப் வைத்து அம்மாவை அளந்தேன். பெட்டி செய்யவா அளக்குற என்று சிரித்தாள். மாமா, வாயக் கழுவுக்கா என்று கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, ரெண்டு விரல் சேர்த்தே போட்டுக்கோ, காலை நீட்டணும் என்றாள்.

இப்போது நாங்கள் செய்த முட்டாள்தனத்தை எழுத வேண்டும். அப்பா இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வாசலைப் பார்க்கிறார். வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி சுமை தாங்குகிறதா, படுத்துப் போக வசதியாக இருக்கிறதா என்று இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. தொட்டி நிறைய சிமெண்ட் மூட்டை ஏற்றி, கட்டிலில் மாமாவைப் படுக்கவைத்து, ஆற்றைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினோம். மாமா போகும்போதே தூங்கிவிட்டார். வந்து இறங்கியபோது கன்னத்தில் மெத்தையின் கோடு பதிந்திருந்தது, தொட்டில் மாதிரி இருக்கு மச்சான் என்றார். அம்மா, அவன் கருங்கல்லு மேல படுத்தாக்கூடத் தூங்குவான், அவனை வெச்சா பாத்தீங்க என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அன்று சிரித்ததோடு அவள் கேட்டதை நாங்கள் விட்டுவிட்டோம்.

அடுத்த முறை அம்மாவை ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குச் சுமை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் யாராவது சிமெண்ட் ஏற்றுவார்களா? தொட்டி காலி, கட்டிலில் அம்மா, பக்கத்தில் பிடித்துக்கொள்ள நான். ஊர் முனை தாண்டி முதல் பள்ளத்தில் வண்டி துள்ளியது அக்கா. மாமா படுத்திருந்த அதே கட்டில்தான், அதே பாதைதான், ஆனால் கீழே ஸ்பிரிங்கே இல்லாதது போல, யாரோ கீழேயிருந்து கட்டையால் குத்துவது போல இருந்தது. நான் கூண்டின் கம்பியைத் தட்டினேன், எஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஆற்றின் உருண்டைக் கற்களில் ஏறும்போது அம்மா ஒரு சின்ன சத்தம் போட்டாள், அவ்வளவுதான். இறங்கியபோதுதான் விலா எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. இந்த நோயில் எலும்பு சாக்பீஸ் மாதிரி ஆகிவிடுமாம், நர்ஸ் என்னிடம் சொன்னாள். அப்பா அன்று சாயங்காலம் வரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவசரம் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அண்ணே, இந்தப் பட்டைங்க கனத்துக்காகப் போட்டது, மேல கனம் இருந்தாத்தான் வளைஞ்சு கொடுக்கும், காலி வண்டிக்கு இது வெறும் இரும்புக் கட்டைதான், நீங்க சுமையோட ஓட்டிப் பாத்தேன்னதும் நானும் சரின்னு விட்டுட்டேன் என்றார். நீ எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தானே அக்கா. இதை நான் சொன்னதும் அப்பா, ஆமா, அதையும் எழுது, அவ சொன்னா நான் கேக்கலைன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

சரி, கனம் இருந்தால்தான் வளையும் என்றால் கனத்தை ஏற்றுவோம் என்று மணல் மூட்டைகள் கட்டினோம். மாமாவும் நானும் ஆற்றங்கரையில் மணல் அள்ளினோம். அம்மாவை அழைத்துப்போகும் நாளில் முதலில் மணல் ஏறும், பிறகு அம்மா ஏறுவாள். உண்மையிலேயே மெத்தென்று போனது. எனக்குத் துணைக்கு இத்தனை பேரா என்று மூட்டைகளைப் பார்த்து அம்மா சிரித்தாள். சில வாரம் நன்றாகவே நடந்தது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. இத்தோடு முடித்துவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் மழை வந்துவிட்டது.

அக்கரையில் ஏறுகிற அந்தக் களிமண் சரிவு உனக்கு ஞாபகம் இருக்கும். மழையில் அது சோப்பு மாதிரி ஆகிவிட்டது. மணலோடு ஏறினால் சக்கரம் புதைகிறது. வின்ச்சைக் கட்ட மரம் வேண்டும், கரை அரித்து அங்கே இருந்த மரங்களும் சாய்ந்துவிட்டன. மணலை இறக்கிவிட்டால் வண்டி ஆடு மாதிரி ஏறிவிடும், ஆனால் அதற்குமேல் ஆஸ்பத்திரி வரை முழுக்கப் பள்ளம். முதல் தடவை பாதிச் சரிவில் புதைந்து நின்றபோது அப்பாவும் மாமாவும் மழையில் நனைந்துகொண்டு மூட்டைகளை இறக்கினார்கள். காலியாவே போங்க, பல்லக் கடிச்சுக்கறேன் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அப்பா கேட்கவில்லை, திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த தடவையும் அப்படியே. அதற்குள் அம்மாவின் கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் தடவை வேறு வழியில்லாமல் காலி வண்டியோடு, ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். அம்மா துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டாள், நான் அவள் விலாவுக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்து என் உடம்பால் அழுத்திக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது, அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். கடைசியில் இடம் கொடுத்தார்கள், பாதி நேரத்துக்குத்தான். டயர்ல காத்தக் குறைச்சுப் பாத்தீங்களா என்று நீ கேட்பாய். பார்த்தோம். கொஞ்சம் மெத்தென்று போனது, அப்புறம் கல்லில் ஏறும்போது டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிட்டது. சரிவுக்கு மேலே தனியாக மணல் மூட்டைகளை அடுக்கியும் வைத்தோம், கரை இடிந்தபோது அதுவும் ஆற்றோடு போய்விட்டது. அக்கரையில் அறை எடுத்துத் தங்கவும் பார்த்தோம். கிடைத்தது மாடி அறை ஒன்றுதான், அம்மாவால் படி ஏற முடியவில்லை.

இனி எழுதுவது அப்பா சொல்லாதது. அன்றைக்கு டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, நான் பெஞ்சில் இருந்தேன். இடையில் விட்டுப்போனதில் தண்ணீர் சேர்ந்து இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இனி தவறாமல் கொண்டுவந்தாலும் பெரிதாக எதுவும் திரும்பாது, இந்த மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம், வீட்டில் எல்லோரும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். அப்பா, பாதை சரியானா என்று கேட்டார். டாக்டர், பாதையப் பத்தி நான் சொல்லலைங்க என்றார். வெளியே வந்து அப்பா என்னிடம், வாரம் ரெண்டு தடவை கட்டாயம் வரணும்னு சொல்றாரு என்றார். நானும் சரிப்பா என்றேன். இதை எழுதும்போது அப்பா என் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை.

அப்பா உன்னைக் கேட்கச் சொன்ன கேள்வி இதுதான். கூடுதலாகப் போட்ட பட்டைகளையும் அதோடு பழைய அடுக்கில் சிலவற்றையும் கழற்றிவிட்டால் காலி வண்டியே மெத்தென்று போகும், மணல் வேண்டாம், சரிவிலும் ஏறும். ஆனால் அப்புறம் அதில் சுமை ஏற்ற முடியாது, நாலு மூட்டைக்கே உட்கார்ந்துவிடும். மேல் காலனி வேலை போய்விடும், வேறு வண்டிக்காரன் வந்துவிடுவான், ஒருமுறை போனால் திரும்பி வராது. அம்மாவை அழைத்துப்போகிற நாளில் மட்டும் கழற்றிவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்ளலாமே என்றார் மாமா. அதற்கு அவசரம், வாரத்துக்கு ரெண்டு தடவை கழட்டி மாட்டறதா, அப்ப வண்டிய நான் ஓட்டறேன், நீங்க வந்து பட்டறைல படுத்துக்கோங்க, அந்தப் போல்ட்டு ரெண்டு மாசத்துல வாயப் பொளந்துடும் என்றார். அப்பா எந்தப் பட்டையை எடுப்பது, எதை விடுவது, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா, உங்கள் முகாமில் சுமையும் ஆளும் மாறி மாறி ஏறுகிற வண்டிகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். படம் போட்டு அனுப்பச் சொல்கிறார்.

இதை அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டிலைக் கூடத்துச் சுவரோரம் போட்டிருக்கிறோம், தலைமாட்டில் உயரமாகத் தலையணை அடுக்கியிருக்கிறோம், படுத்தால் மூச்சு முட்டுகிறது. அவ வேலைல இருக்கா, அவகிட்ட எதுக்குப் பட்டையும் குட்டையும் கேக்கறீங்க என்றாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், அந்த வண்டியில இருக்கற என் கட்டிலக் கழட்டிருங்க, அது இடத்தையும் அடைக்குது, மூட்டைய ஏத்துங்க, இவ படிக்கணும், பெரியவ அங்க இருந்து எத்தனை நாள் பாத்துக்குவா, நான் போனது போதும். கோபமாகச் சொல்லவில்லை அக்கா. பழைய புடவையைக் கொடுத்துவிடு என்று சொல்வது போலச் சொன்னாள். என்னிடம், இதை எழுதுறியா என்றாள். எழுதுகிறேன் என்றேன். நல்லா எழுது, ஆனா அவள அழவிடாத என்றாள். அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மாமாவும் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் அவசரத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கட்டிலைத்தான் கழற்றப் போகிறார்கள் என்று நினைத்து நான் பேனாவை மூடிவிட்டு அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். விரல் வைத்த இடத்தில் குழி அப்படியே நிற்கிறது. கொட்டகையிலிருந்து ஜாக்கி ஏற்றுகிற கிறீச் சத்தம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்து, கட்டிலக் கழட்டறதுக்கு ஜாக்கி எதுக்குடி என்றாள். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் இரண்டும் கழன்று தரையில் கிடந்தன, அப்பா அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. மாமா ஒவ்வொரு பட்டையாக வாங்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். அவசரம்கூட யோசிக்காமல் ஸ்பானரை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே அக்கா, மேலே கேட்ட கேள்விக்கு இனி நீ பதில் எழுத வேண்டியதில்லை, படமும் வேண்டாம். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் மத்தியானம் வரை அது உண்மையான கேள்வியாகத்தான் இருந்தது.

அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள் அம்மா. கிரீஸ் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். இனிமே எதை வெச்சுப் பொழப்ப ஓட்டப் போறீங்க என்று கேட்டாள். அதை அப்புறம் பாத்துக்கலாம் என்றார். அப்புறம்னா எப்பங்க என்றாள். அப்பா விரலிடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, டாக்டர் சொன்னதை நாங்கள் இருவரும் வீணாக மறைத்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளே, சரி, தண்ணி எறங்குனா காலையில போயிட்டு வருவோம் என்றாள். அப்பா, மெதுவாத்தான் ஓட்டுவேன் என்றார். கழட்டியாச்சுல்ல, இனி எதுக்கு மெதுவா என்றாள். மழை விட்டபாடில்லை. மாமா ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, தண்ணி ஏறிடுச்சு, கல்லு ஒண்ணும் தெரியல மச்சான் என்று மெல்லச் சொன்னார்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசி வரிகளைச் சொல்கிறார். நீ நல்லாயிருக்கணும், உன் வண்டியில எப்பவும் தண்ணி கேன் ரெண்டும் ஸ்பேர் டயரும் பாத்துட்டுத்தான் கிளம்பணும், தனியா ஆத்துப் படுகையில எறங்காத, பட்டினி கிடக்காத. அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், அவள் அதற்குள் கண்ணயர்ந்துவிட்டாள், ஆனாலும் எழுதுகிறேன். ஊருக்கு வரச் சொல்லி எழுதவாப்பா என்று கேட்டேன். அவளுக்கு லீவு கிடைக்குமோ என்னவோ என்றார். பிறகு, எழுது என்றார். வா அக்கா. இந்தக் கடிதம் வந்த அதே தண்ணீர் லாரியில் கிளம்பிவிடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா
(கையெழுத்து அவருடையது. கறை கிரீஸ், துடைத்தும் போகவில்லை.)

கொட்டகையில் அவசரம் சக்கரங்களை மாட்டி முடித்துவிட்டார். மாமா அங்கே விளக்கை அணைத்துவிட்டார். அம்மாவின் கண்ணில் வெளிச்சம் படுகிறது என்று அப்பா இந்த விளக்கையும் இப்போது அணைக்கிறார்.